கார் ஏன் ஆயில் குடிக்கிறது?

சிதறால் பக்கத்து ஏற்ற இறக்கச் சாலையில் போகும் பழைய கார் நீலப்புகை கக்கினால், இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். எந்த வழியாகக் கசிகிறது?

இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் இன்ஜினுக்குள் வெற்றிடம் கூடும். தேய்ந்த வால்வு சீல் வழியே ஆயில் உறிஞ்சப்படும். மறுபடி மிதித்ததும் குப்பென்று புகை வரும். ஏற்றத்தில் விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

இரண்டில் எது என்று அறிய, கம்ப்ரஷன் (அழுத்தம்) குறைந்த சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மெக்கானிக் மீண்டும் அளப்பார். அளவு உயர்ந்தால் பெரும்பாலும் ரிங்தான் காரணம். இன்ஜினைப் பிரிக்க வேண்டும். சீல் மட்டும் என்றால் செலவு குறைவு.

சீல் ரப்பரால் ஆனது; சிதறால் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் தோட்டங்களும் உண்டு. ஆனால் அந்த ரப்பர் பால் சீலுக்கு உதவாது. ஆயில் பட்டால் இயற்கை ரப்பர் உப்பிவிடும். அதனால்தான் சீலுக்குச் செயற்கை ரப்பர். அதுவும் சூட்டில் நாளடைவில் இறுகிப்போகும்.