மாதச் சாமான் கணக்கு யார் கையில்?



சம்பளம் வந்த முதல் வாரத்தில் நம் தோட்டத்து வீடுகளில் அடுப்பங்கரை நிறைவாக இருக்கும். அரிசி இருக்கும், எண்ணெய் இருக்கும், பிள்ளைகளுக்குக் கோழிக்கறியும் கிடைக்கும். இருபதாம் தேதி தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. காலை மாலை இரு வேளையும் வெறுந்தேநீர். மகனையோ மகளையோ கூப்பிட்டு, "அம்மா சம்பளத்துக்குக் கொடுத்துடுறேன்னு சொன்னாங்கன்னு சொல்லி, சாமான் வாங்கிட்டு வா" என்று கடைக்கு அனுப்புகிறோம். நாலு பேருக்கு முன்னால் கடன் கேட்டு நிற்பது அந்தப் பிள்ளைதான். பெரியவர்கள் சரியாகப் போடாத கணக்கின் பாரத்தைப் பிள்ளை சுமக்கிறது. மாதச் சாமான் கணக்கைப் பற்றிப் பேச வந்ததற்கு இதுவே முதல் காரணம்.

"வருவதே குறைச்சல், இதில் கணக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது?" என்று சிலர் கேட்பதுண்டு. வருமானம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பணம் நிறைய உள்ளவன் கணக்குத் தவறினால் அவன் மிச்சம் குறையும். நாம் தவறினால் நம் பிள்ளையின் சோறு குறையும். ஆகவே கணக்கு நமக்குத்தான் அதிகம் தேவை.

கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம். நம் பாட்டன் பூட்டன் காலத்தில், 1920-களில், மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளிக்கு எவ்வளவு கூலி கொடுப்பது என்று முடிவு செய்ய, அதிகாரிகள் ஒரு பட்டியல் போட்டார்கள். ஒரு தொழிலாளிக்கு மாதம் எவ்வளவு அரிசி, எவ்வளவு கறிச் சாமான், எவ்வளவு துணி வேண்டும் என்று எழுதி, அதற்கு விலை வைத்துக் கூட்டி, அதையொட்டிக் கூலியை நிர்ணயித்தார்கள். 1920-களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை வீழ்ந்ததும், 1930-ல் அது ஆணுக்கு 40, பெண்ணுக்கு 32 காசாகக் குறைக்கப்பட்டது. நம் முன்னோரின் சமையலறைக் கணக்கை எழுதியவர்கள் வேறு யாரோ. எழுதிய கை எதுவோ அதுதான் கூட்டியது, அதுதான் குறைத்தது.

அதற்குப் பின் வந்த காலத்தில் அந்தக் கணக்கு மளிகைக் கடைக்காரர் கைக்குப் போயிற்று. அட்டையில் "555" என்று அச்சிட்ட சின்ன நோட்டுப் புத்தகத்தை அறியாத தோட்டக் குடும்பம் உண்டா? கடைக்காரர் எழுதுவார், மாதக் கடைசியில் கூட்டுவார், நாம் கொடுப்போம். அவரைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. மழை பெய்து பால் வெட்ட முடியாத நாட்களில் நம்மை நம்பி அரிசி கொடுத்தவர்கள் அவர்கள். ஆனாலும் கடனுக்கு வாங்கும்போது நாம் விலையைக் கேட்பதில்லை. விலை கேட்காமல் வாங்கும் பழக்கம் மெல்ல மெல்ல வீட்டையே அரித்துவிடும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மாதம் முடிந்து ஏழு நாட்களுக்குள் முதலாளி சம்பளம் கொடுத்தாக வேண்டும். இன்ன கடையில்தான் சம்பளத்தைச் செலவழிக்க வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தக் கூடாது. சம்பள முன்பணத்துக்கு வட்டி வாங்கக் கூடாது. பிடித்தங்கள் பொதுவாக ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஆகவே சம்பளச் சீட்டைக் கவனமாகப் படியுங்கள். வீட்டுக் கணக்கின் முதல் வரி அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆனது. இதில் ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம், அதாவது 187 வெள்ளி போகிறது. சொக்சோ முதலிய சிறு பிடித்தங்களும் போனால் கையில் ஏறக்குறைய 1,500 வெள்ளி நிற்கும். ஒருவர் உழைத்து ஐந்து பேர் உண்ணும் குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவர்கள் சாப்பாட்டுச் சாமானுக்கு 600 வெள்ளி ஒதுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம், தண்ணீர், பள்ளிச் செலவு, மோட்டார் சைக்கிள், மருந்து, சேமிப்பு எல்லாம் மீதித் தொகையில் நடக்க வேண்டும். உங்கள் வீட்டுத் தொகை வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

இங்கே பெரும்பாலோர் செய்யும் ஒரு தவற்றைச் சொல்கிறேன். மாதத்துக்கு நான்கு வாரம் என்று எண்ணி, 600-ஐ நான்காகப் பங்கிட்டு, வாரத்துக்கு 150 வெள்ளி செலவழிக்கிறோம். மாதத்துக்கு நான்கு வாரம் என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு 48 வாரம்தான் ஆகிறது. ஆனால் ஆண்டுக்கு 52 வாரம் என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகூடச் சொல்லும். மீதி நான்கு வாரம் எங்கே போயிற்று? ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இரண்டு மூன்று நாட்களாக ஒளிந்திருக்கிறது. அந்த நாட்களுக்கு நாம் பணமே ஒதுக்கவில்லை. கடைசி நாட்களில் கடன் வாங்க நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. 600-ஐ முதலில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு 300 வெள்ளி, கெட்டுப்போகாத மாதச் சாமானுக்கு: அரிசி, எண்ணெய், சீனி, பருப்பு, மாவு, மிளகாய்த்தூள், தேயிலை, சவர்க்காரம். இவற்றைச் சம்பளம் வந்ததும் ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். மற்ற 300 வெள்ளி, மீன், காய்கறி, முட்டை, தேங்காய் போன்ற வாரச் சாமானுக்கு. இதை ஐந்து உறைகளில், உறைக்கு 60 வெள்ளி வீதம் போட்டு வையுங்கள். வாரத்துக்கு ஓர் உறை. ஐந்தாவது உறை மாதக் கடைசியின் அந்த இரண்டு மூன்று நாட்களுக்கு. அதில் மிஞ்சுவதைத் தனியாக ஒரு டின்னில் போடுங்கள். ஆண்டுக்கு 60 உறை போடுகிறோம், தேவைப்படுவது 52-க்குச் சற்று மேல். ஆண்டு முடிவில் அந்த டின்னில் ஏறக்குறைய 470 வெள்ளி இருக்கும். தீபாவளிக்குக் கடன் வாங்காமல் இருக்க இது எவ்வளவு உதவும் என்று நினைத்துப் பாருங்கள்.

மாதச் சாமான் எவ்வளவு வேண்டும் என்பதை ஊகமாகச் சொல்லக் கூடாது. அரிசிப் பையைப் பிரிக்கும்போது அதன் மேல் தேதியை எழுதுங்கள். தீரும்போது மறுபடி எழுதுங்கள். 10 கிலோ அரிசி 11 நாளில் தீர்ந்தால், மாதத்துக்கு ஏறக்குறைய 28 கிலோ. அப்படியானால் மூன்று பை போதும். எண்ணெய்க்கும் சீனிக்கும் இப்படியே செய்யலாம். முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். எது வீணாகிறது என்பது எழுத்தில் தானாகத் தெரியும்.

அடுத்தது விலை. சிறு பொட்டலம் மலிவாகத் தோன்றும். 100 கிராம் மிளகாய்த்தூள் 2 வெள்ளி, 500 கிராம் 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சிறு பொட்டலம் 10 வெள்ளி ஆகிறது. பெரியது வாங்கினால் 2 வெள்ளி மிச்சம். ஆனால் பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்றும் எண்ணிவிடாதீர்கள். எடையையும் விலையையும் வகுத்துப் பாருங்கள். சமையல் எண்ணெயில், 2016-ல் மானியம் மாற்றியமைக்கப்பட்டபோது, ஒரு கிலோ நெகிழிப்பை எண்ணெய்க்கு மட்டும் மானியம் நீடித்து, 2 வெள்ளி 50 காசு என்று விலை வைக்கப்பட்டது. போத்தல் எண்ணெய்க்கு அந்தச் சலுகை இல்லை. 2025-ல் அரசாங்கம் மைகார்டு வழியாக அடிப்படைப் பொருள் வாங்க உதவித்தொகை கொடுத்தது. அப்படி ஏதேனும் வந்தால் அதையும் மாதச் சாமான் கணக்கில் வரவாக எழுதுங்கள். அது கூடுதலாகச் செலவழிக்க வந்த பணம் ஆகிவிடக் கூடாது.

பட்டணத்தில் மலிவு என்று குளுவாங்குக்கோ சிகாமட்டுக்கோ போகிறோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியை அப்போது நினைத்துக்கொள்ள வேண்டும். சாமானில் 8 வெள்ளி மிச்சம் பிடிக்க வாடகை வண்டிக்கு 20 வெள்ளி கொடுத்தால் நட்டம் யாருக்கு? நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு வண்டியில் போனால் ஆளுக்கு 5 வெள்ளிதான். அப்போது கணக்கு நமக்குச் சாதகமாகிறது.

சேர்ந்து வாங்குவதன் பலத்துக்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. இங்கிலாந்தில் ரோச்டேல் என்ற ஊரில், நெசவாளர்களும் பிறருமாக 28 ஏழைத் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு பவுன் வீதம் சேர்த்து, 1844 டிசம்பர் 21-ஆம் தேதி ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சீனி, மாவு, மெழுகுவத்தி என்று சில சாமான்களே இருந்தன. கலப்படம் கிடையாது, எடை சரியாக இருக்கும், கடன் கிடையாது. லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பங்கிட்டார்கள். உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அந்தச் சிறு கடை வழிகாட்டியது. நம் நாட்டிலும், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் சிறு தவணைகளாகச் செலுத்திய பணத்தைக் கொண்டு தோட்டங்களையே வாங்கியது. நம் வெள்ளிக்கு அவ்வளவு பலம் உண்டு.

சிக்கனம் என்றதும் முதலில் பிள்ளையின் தட்டில் கை வைக்காதீர்கள். முட்டை, பருப்பு, நெத்திலி, கீரை இவற்றைக் குறைக்க வேண்டாம். குறைக்க வேண்டியவை கலர் தண்ணீர், நொறுக்குத் தீனி, சிகரெட், மது. இன்னொன்று: தேநீருக்கு ஊற்றும் இனிப்பு டின் 'பால்' பெரும்பாலும் சீனியும் தாவரக் கொழுப்பும் சேர்ந்தது. அதைக் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. வீட்டின் பின்புறம் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு பாத்தி கீரை இருந்தால் வார உறையிலும் மிஞ்சும்.

நம் ஜோகூரில் வருமானம் எல்லா மாதமும் ஒன்றுபோல் வருவதில்லை. ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை பால்வெட்டைக் கெடுக்கும். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலையுதிர்த்துப் பால் குறையும். செம்பனையிலும் வெள்ளம் வந்தால் வேலை நிற்கும். 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் கோத்தா திங்கி, சிகாமட் பகுதிகள் பட்ட பாட்டையும், 2023 மார்ச்சில் வந்த வெள்ளத்தையும் மறந்துவிடவில்லை. ஆகவே நல்ல மாதங்களில், முன்பு சொன்ன டின் பணத்தோடு, ஒரு பை அரிசியும் கூடுதலாக இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தும் கடனுக்கு வாங்க நேர்ந்தால்? வாங்குங்கள், ஆனால் உங்களிடமும் ஒரு புத்தகம் இருக்கட்டும். கடைக்காரர் எழுதும் அன்றே நீங்களும் பொருள், எடை, விலை மூன்றையும் எழுதுங்கள். வாரம் ஒரு முறை இரண்டையும் ஒத்துப் பாருங்கள். ஓர் உறைத் தொகைக்கு மேல் கடன் போகக் கூடாது என்று வரம்பு வையுங்கள். வட்டிக்காரனிடம் மட்டும் போகாதீர்கள். கடன் கழுத்துக்கு வந்துவிட்டால், பேங்க் நெகாரா 2006-ல் தொடங்கிய ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. அங்கே ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.

கணக்கை எழுதுவதற்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளியில் நாங்கள் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் சொல்லிக்கொடுக்கிறோம். கிராம், கிலோவும் சொல்லிக்கொடுக்கிறோம். ஐந்தாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். அப்பா சம்பளச் சீட்டைக் காட்டட்டும், அம்மா சாமானைச் சொல்லட்டும், பிள்ளை எழுதிக் கூட்டட்டும். கடன் கேட்கக் கடைக்கு அனுப்பிய அதே பிள்ளை, இனிப் பட்டியலும் காசும் கொண்டுபோய், விலை கேட்டு, மீதியை எண்ணி வாங்கி வரட்டும். நம் வீட்டுக் கணக்கை நம் வீட்டுக் கையே எழுதட்டும். வரும் சம்பள நாளிலேயே தொடங்குங்கள்.