பழைய காருக்குப் பழைய இன்ஜினா? புது இன்ஜினா?



'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படத்தை டிவியில் தமிழில் பார்த்தவங்க கை தூக்குங்க! 2001-ல் வந்த முதல் படத்தில் ஒரு கறுப்புக் கார் வருமே, ஞாபகம் இருக்கா? அது 1970-ஆம் ஆண்டு டாட்ஜ் சார்ஜர். அந்த மாதிரி கார்களை அமெரிக்காவில் 'மசில் கார்' என்பார்கள். அந்தக் கார் வைத்திருப்பவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். பொம்பளப் பிள்ளைக்கு இன்ஜின் பத்தி என்ன தெரியும்னு நினைக்காதீங்க. என் தாய்மாமா பட்டறை வைத்திருக்கிறார். ஸ்பேனர் சைஸ் எல்லாம் எனக்கு அத்துப்படி!

மசில் கார்னா என்ன?

நடுத்தர அளவுக் காரில் மிகப் பெரிய வி8 இன்ஜினை வைத்தால் அது மசில் கார். வி8-ல் எட்டு சிலிண்டர் இருக்கும். பக்கத்துக்கு நாலாக 'V' வடிவில் சாய்ந்து நிற்கும். 1964-ல் பான்டியாக் கம்பெனி ஜிடிஓ என்ற காரைக் கொண்டுவந்தது. அதன் இன்ஜின் 6.4 லிட்டர். நம்ம ஊரில் ஓடும் எக்ஸ்எல் 100 மொபெட்டின் இன்ஜின் 99.7 சிசி. கணக்குப் போட்டுப் பாருங்க, 64 மொபெட் இன்ஜின் சேர்ந்தால்தான் அது ஒண்ணுக்குச் சமம்!

புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், இன்சூரன்ஸ் செலவு, 1973-ல் வந்த பெட்ரோல் தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன. இப்போது அந்தக் கார்களுக்கு 50 வயதுக்கு மேல் ஆகிறது. இன்ஜின் தேய்ந்துபோனால் அதையே சரி செய்வதா, புதுசு வைப்பதா என்பதுதான் கேள்வி.

புது இன்ஜினின் நன்மைகள்

பழைய இன்ஜினில் கார்புரேட்டர் இருக்கும். காற்று உள்ளே போகும் வேகத்தில் பெட்ரோலும் உறிஞ்சப்பட்டுக் கலக்கும். குளிர் நேரத்தில் சோக் இழுத்தால்தான் கிளம்பும். புது இன்ஜினில் இன்ஜெக்ஷன். சென்சார் அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் சரியான அளவு பெட்ரோலைத் தெளிக்க வைக்கும். அதனால் பெட்ரோலும் மிச்சம், புகையும் குறைவு. நம்ம எக்ஸ்எல் 100 கூட 2020-ல் பிஎஸ்6 விதி வந்தபோது கார்புரேட்டரை விட்டுட்டு இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டது.

1997-ல் கார்வெட் காரில் வந்த எல்எஸ்1 என்ற இன்ஜின் 5.7 லிட்டர்தான். ஆனால் 345 குதிரைத்திறன். பிளாக் அலுமினியம் என்பதால் எடையும் குறைவு. ஜிடிஓ-வின் 6.4 லிட்டர் இன்ஜினுக்கு 325 குதிரைத்திறன்.

'அட, 20 தானே வித்தியாசம்?' என்று நினைப்பீர்கள். அங்கேதான் சூட்சுமம்! அந்தக் காலத்தில் ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்றவற்றை மாட்டாமல் இன்ஜினை மட்டும் ஸ்டாண்டில் ஓட்டி அளந்தார்கள். 1972 முதல் அமெரிக்காவில் எல்லாவற்றையும் மாட்டி அளந்த அளவைச் சொல்லத் தொடங்கினார்கள். புத்தகப் பையைக் கழட்டி வைத்துவிட்டு ஓடுவதும், பையோடு ஓடுவதும் ஒண்ணாகுமா? அதனால் உண்மையான வித்தியாசம் 20-ஐ விட ரொம்ப அதிகம்.

பழைய இன்ஜினின் நன்மைகள்

இன்ஜினில் பொறித்த எண்ணும் காரின் எண்ணும் ஒத்துப்போனால் அதை 'மேட்சிங் நம்பர்ஸ்' என்பார்கள். அதாவது அந்தக் கார் பிறந்தபோதே இருந்த இன்ஜின். அப்படிப்பட்ட காருக்கு மதிப்பு அதிகம். இன்னொரு நன்மை, கம்ப்யூட்டர் இல்லாமல் கையாலேயே ரிப்பேர் பார்க்கலாம்.

ஒரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது. ஈயம் உடம்புக்கு நஞ்சு என்பதால் அமெரிக்காவில் 1996-ல் சாலைக் கார்களுக்கு முழுவதும் தடை செய்துவிட்டார்கள். அதனால் ஓவராயில் பண்ணும்போது கெட்டியான வால்வு சீட் போட வேண்டும்.

மறந்துவிடக் கூடாதது

புது இன்ஜின் மட்டும் வாங்கினால் போதாது. கார்புரேட்டருக்குச் சுமார் 6 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெட்ரோல் வந்தால் போதும். எல்எஸ் இன்ஜினுக்கு 58 பிஎஸ்ஐ வேணும். அதனால் பம்ப், ஒயரிங் எல்லாம் மாறும். பெரும்பாலும் கியர் பாக்ஸ், ரேடியேட்டரும் மாறும். எல்லாத்தையும் விட முக்கியம் பிரேக். 1964 ஜிடிஓ-வில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். வேகத்தைக் கூட்டிவிட்டு பிரேக்கை அப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து!

நடுவழியும் ஒன்று உண்டு. கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே மாட்டுகிற இன்ஜெக்ஷன் கிட் கிடைக்கிறது. பழைய இன்ஜின் அப்படியே இருக்கும், ஸ்டார்ட்டிங் தொல்லை குறையும்.

என் முடிவு

எதற்குப் பவர் அதிகம் என்று முதலில் பார்க்கக் கூடாது. பிறந்தபோது இருந்த இன்ஜின் காரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதையே சரி செய்யணும். அது எப்பவோ தொலைந்துபோயிருந்தால், தினமும் ஓட்ட ஆசைப்படுபவர் புது இன்ஜின் வைப்பதில் தப்பே இல்லை. ஆனால் எது வைத்தாலும் பாடியை அறுக்கக் கூடாது. தகடு வைத்து போல்ட் போடுகிற மவுண்ட் இருக்கிறது. என் மாமா சொல்வார், "ஸ்பேனர்ல கழட்டுனத ஸ்பேனர்ல மாட்டிரலாம். கட்டர்ல அறுத்தத எத வெச்சு மாட்டுவ?" கழட்டிய பழைய இன்ஜினுக்கு எண்ணெய் தடவி, மூடி, பத்திரமாக வைக்க வேண்டும். நாளைக்கு அந்தக் கார் யார் கைக்குப் போகுமோ, அவருக்கும் முடிவு செய்ய ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கணும் இல்லையா?

உங்க முடிவு என்ன? இடைவேளையில் வந்து சொல்லுங்க, வாதாடலாம்!



- மாணவி, 9-ஆம் வகுப்பு