அடுப்பைக் காணாத சூப்

வயல் நடுவே, மர நிழலில், ஒரே ஒரு பெரிய மரக் கிண்ணம். அதைச் சுற்றிக் கூலியாட்கள். ஒருவர் முன்னே வந்து ஒரு கரண்டி அள்ளிக்கொள்வார். உடனே ஓர் அடி பின்வாங்கி அடுத்தவருக்கு வழிவிடுவார். ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவின் பண்ணைகளில் ஒரு காலத்தில் இதுதான் சாப்பாட்டு ஒழுங்கு. கிண்ணத்தில் இருந்தது கஸ்பாச்சோ. இன்று நட்சத்திர ஹோட்டல்களில் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, மேலே ஒரு பச்சிலை மிதக்கவிட்டுத் தருகிறார்களே, அதே குளிர்ந்த சூப்தான்.

ஆதி கஸ்பாச்சோவில் தக்காளியே கிடையாது. காய்ந்த ரொட்டி, பூண்டு, உப்பு, ஆலிவ் எண்ணெய், வினிகர், தண்ணீர், இவ்வளவுதான். உரலில் இடித்துத் தண்ணீர் விட்டுக் கரைத்தார்கள். 1492ல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையைத் தொட்ட பிறகே தக்காளியும் குடைமிளகாயும் ஐரோப்பாவுக்கு வந்தன. அவை ஏழையின் கிண்ணத்தில் இடம்பிடிக்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. மலாகா பகுதியில் பாதாம் பருப்பை அரைத்துச் செய்யும் வெள்ளைச் சூப்பில் இப்போதும் தக்காளி சேர்ப்பதில்லை. திராட்சையைப் போட்டுக் குடிக்கிறார்கள்.

இந்த உணவைப் பெற்றெடுத்தது வறுமை. பரந்த நிலங்கள் சிலர் கையில், உழைத்தவர்களோ நிலமற்றவர்கள். கூலியின் ஒரு பகுதி ரொட்டியாகவும் எண்ணெயாகவும் வந்தது. வியர்வையில் போன தண்ணீரையும் உப்பையும் திருப்பித் தர வேண்டும், வயிறும் நிறைய வேண்டும், வெயிலில் அடுப்பு மூட்டவும் கூடாது. ஒடிசாவில் பகாளாவும் தமிழ்நாட்டில் பழைய சோறும் செய்கிற அதே வேலை.

வீட்டில் செய்வது எளிது. நாலு பேருக்கு நன்றாகப் பழுத்த தக்காளி ஒரு கிலோ, சின்ன வெள்ளரிக்காய் ஒன்று, பச்சைக் குடைமிளகாய் ஒன்று, பூண்டு ஒரு பல், முந்தின நாள் ரொட்டி இரண்டு துண்டு போதும். ரொட்டி இனிப்பில்லாததாக இருக்க வேண்டும். அதைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, காய்களோடும் உப்போடும் மிக்ஸியில் அரைக்கவும். ஓடும் மிக்ஸியிலேயே நாலு மேஜைக்கரண்டி ஆலிவ் எண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டால், சிவப்பு மங்கி ஆரஞ்சு நிறம் வரும். எண்ணெயும் நீரும் கலந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். வினிகர் ஒரு கரண்டியில் ஆரம்பிப்பது நல்லது. நாட்டுத் தக்காளியின் புளிப்பே பாதி வேலையைச் செய்துவிடும். வடிகட்டி, இரண்டு மூன்று மணி நேரம் பிரிஜ்ஜில் வைத்த பிறகு மறுபடி உப்புப் பார்க்க வேண்டும். குளிர்ச்சியில் உப்பு நாக்குக்குக் குறைவாகவே தெரியும். ஐஸ் போட்டால் நீர்த்துவிடும். அடுப்பில் ஏறாத உணவு என்பதால் காய்களை நன்றாகக் கழுவுவதும், கொதித்து ஆறிய நீரையே சேர்ப்பதும் கட்டாயம். அன்றே தீர்த்துவிடுவது உத்தமம்.

பல ஹோட்டல்களில் ரொட்டியை விட்டுவிடுகிறார்கள். அப்போது அது தக்காளி ஜூஸ். கோர்தோபாவில் இதற்கு நேர் எதிர். அங்கே ரொட்டியைத் தாராளமாகச் சேர்த்துக் கெட்டியாக அரைத்து, மேலே வேகவைத்த முட்டையும் பன்றி இறைச்சித் துணுக்குகளும் தூவி, சல்மொரேஹோ என்கிறார்கள்.

அதே கோர்தோபா மாவட்டத்தில் 2021 ஆகஸ்டில் வெப்பம் 47 டிகிரி செல்சியசைத் தாண்டியது. 2023 மே மாதம் ஸ்பெயின் அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வானிலைத் துறை ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுக்கும் நாட்களில், தொழிலாளருக்கு வேறு வழியில் பாதுகாப்புத் தர முடியாவிட்டால், திறந்தவெளி வேலையின் நேரத்தைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டும் என்கிறது அது. கஸ்பாச்சோ இன்று அட்டைப் பெட்டியில் அடைபட்டு சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது. அதற்கான தக்காளியை வயலில் நின்று பறிக்கும் கைகளுக்கு, நிழலும் ஓய்வும் தர ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.