பழைய மகிழுந்துப் பொறியின் வணரித்தண்டு: சீரமைப்பா, மாற்றீடா? – சேலம், நாமக்கல் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உற்பத்தி நின்றுபோன மகிழுந்துகளின் வணரித்தண்டு பழுதுறும்போது அதைச் சீரமைப்பதா, மாற்றுவதா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல்களை அம்பாசிடர் பொறியின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

நாமக்கல் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர்பெற்றவை. இத்தகைய கனரக ஊர்திகளின் பொறிகளைப் புதுப்பிக்கும் லேத் பட்டறைகளே பழைய மகிழுந்துகளுக்கும் புகலிடமாகின்றன. ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. இன்றைய லாரிக்குப் புதிய வணரித்தண்டு கடையில் கிடைக்கும். 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நின்ற அம்பாசிடருக்கோ கைவசம் உள்ள தண்டே பெரும்பாலும் கதி. ஆகவே சீரமைப்பில் நேரும் பிழை ஈடுசெய்தற்கு அரியது.

பழுதின் இயல்பு

பட்டறை வழக்கில் ‘கிராங்க்’ எனப்படும் வணரித்தண்டு, உந்துதண்டின் மேல்கீழ் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிறது. அம்பாசிடரில் நெடுங்காலம் பயன்பட்ட 1489 கன செ.மீ. பெட்ரோல் பொறியின் தண்டு மூன்று முதன்மைத் தாங்கிகளில் சுழல்கிறது. தண்டின் கழுத்துக்கும் தாங்கிக்கும் இடையே எண்ணெய்ப் படலம் உள்ளவரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும் எண்ணெயில் அழுக்குச் சேர்ந்தாலும் படலம் அறுபட்டுக் கழுத்தில் கீறல் விழுகிறது.

அளவீடும் கடைசலும்

முதலில் காந்தத்துகள் சோதனையால் விரிசல் உண்டா எனக் காணவேண்டும். விரிசலுற்ற தண்டைக் கடைந்து பயனில்லை. அதை விலக்குவதே முறை. விரிசல் இல்லையெனில், ஒவ்வொரு கழுத்தையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் மைக்ரோமீட்டரால் அளந்து நீள்வட்டத் தேய்வையும், இரு முனைகளிலும் அளந்து சரிவுத் தேய்வையும் அறியவேண்டும்.

கடைசல் 0.010 அங்குலப் படிகளில் (0.254 மி.மீ.) நிகழ்கிறது, நான்காம் படியான 0.040 அங்குலமே வழக்கமான எல்லை. அந்தந்தப் படிக்கேற்ற தாங்கி ஓடுகள் கிடைக்கின்றனவா என்பதைக் கடைவதற்கு முன்பே உறுதிசெய்யவேண்டும். இணைப்புத்தண்டுக் கழுத்துகள் மைய அச்சிலிருந்து விலகியிருப்பதால் தண்டை அதற்கேற்ப விலக்கிப் பொருத்த வேண்டும். இப்பொறியின் வீச்சு 88.9 மி.மீ. ஆதலின் அவ்விலகல் அதன் பாதியான 44.45 மி.மீ. ஆகும்.

வலிமை குறித்த தவறான அச்சம்

கடைசல் தண்டை வலுவிழக்கச் செய்யும் என்னும் அச்சம் பரவலானது. முறுக்கு வலிமை விட்டத்தின் முப்படியைச் சார்ந்தது. 2 அங்குல முதன்மைக் கழுத்து நான்கு படிகளும் கடையப்பட்டு 1.96 அங்குலமானால், வலிமை ஏறத்தாழ 6 விழுக்காடே குறைகிறது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. கழுத்தும் பக்கச் சுவரும் கூடும் மூலையில் அமைந்த வளைவைப் பட்டறையினர் ‘ரேடியஸ்’ என்பர். சாணைக்கல்லின் விளிம்பு அவ்வளைவைக் கூர்மூலையாக்கிவிட்டால் தகைவு அங்கே குவிந்து, முதல் படிக் கடைசலிலேயே முறிவுக்கு வித்திடும். நைட்ரைடு முறையில் மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட தண்டாயின் அம்மெல்லிய அடுக்கு கடைசலில் நீங்கியுள்ளதா என ஆராய்ந்து, தேவைப்படின் மீண்டும் கடினமாக்கவேண்டும். இறுதியில் எண்ணெய்த் துளைகளின் விளிம்பை மழுக்கி, உள்வழிகளில் தங்கிய சாணைத்தூளை முற்றும் கழுவவேண்டும். எஞ்சிய தூள் புதிய தாங்கியைத் தின்றுவிடும்.

முடிவுரை

விரிசல், நான்காம் படியையும் கடந்த தேய்வு, திருத்த இயலாத வளைவு ஆகியவற்றுள் ஒன்றேனும் இருப்பின் மாற்றீடே தக்கது. மாற்றாக வரும் பழைய தண்டையும் இதே சோதனைகளுக்கு உட்படுத்த வேண்டும். ஏனையவை சீரமைக்கத்தக்கவை. தண்டுக்குக் கிடைப்பவை நான்கு படிகளே. ஒவ்வொரு கடைசலும் அவற்றுள் ஒன்றைச் செலவிடுகிறது. ஆதலின் தேய்வை நீக்கப் போதுமான மிகக் குறைந்த படியைத் தேர்வதும், மூலைவளைவைக் காப்பதும் இத்தொழிலின் தலையாய கடமைகளாகும்.