கைத்தொலைபேசியில் முகப்படம்



தோட்டத்தில் பெரியவர் ஒருவர் காலமானால், மாலையிட்டு வைப்பதற்கு அவருடைய படம் ஒன்றை வீட்டார் தேடி அலைவது நமக்குப் புதிதன்று. யாருடைய கல்யாணத்திலோ கூட்டத்தோடு நிற்கும் படம் கிடைக்கும். இல்லையேல் அடையாள அட்டையில் உள்ள சின்னஞ்சிறு படம் கிடைக்கும். அதைப் பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்துவிடும். இன்றோ பெரும்பாலான வீடுகளில் படம் பிடிக்கும் கைத்தொலைபேசி இருக்கிறது. முகம் தெளிவாகவும் பின்புறம் மங்கலாகவும் அமையும் படத்தை, தாத்தா பாட்டி நலமாக இருக்கும்போதே எடுத்து வைப்பது எப்படி என்று பார்ப்போம்.

ஸ்டூடியோக்காரரின் பெரிய கேமராவில் பின்புறம் தானாகவே மங்கும். முகப்படத்துக்கு அவர் பெரும்பாலும் 85 மில்லிமீட்டர் போன்ற நீண்ட குவிதூரமும் அகன்ற வாயும் உள்ள லென்ஸை மாட்டுவார். அது முகத்தைக் குறிவைத்தால், அதற்குச் சற்று முன்னும் பின்னும் உள்ளவை மட்டுமே தெளிவாக விழும். கைத்தொலைபேசி லென்ஸின் உண்மையான குவிதூரமோ சில மில்லிமீட்டர்தான். ஐந்தடியில் நிற்கும் பாட்டியும், அவருக்குப் பின்னால் கொடியில் காயும் துணியும் ஏறக்குறைய ஒரே தெளிவோடு விழுந்துவிடும். ஆகவே, கைத்தொலைபேசி கணக்குப் போட்டுப் பின்புறத்தை மங்கச் செய்கிறது.

அந்தக் கணக்கை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு விரலை மூக்குக்கு நேரே பிடித்து, இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாற்றி மாற்றி மூடுங்கள். விரல் இங்குமங்கும் தாவும். தூரத்துச் செம்பனை மரம் அவ்வாறு தாவாது. 2016ஆம் ஆண்டு வந்த ஐபோன் 7 பிளஸ், அருகருகே அமைந்த இரண்டு லென்ஸ்களைக் கொண்டு இப்படித்தான் எது கிட்டே, எது எட்டே என்று அறிந்தது. மறு ஆண்டு வந்த கூகுள் பிக்சல் 2, பின்புறத்தில் ஒரே லென்ஸை வைத்துக்கொண்டே இதைச் செய்தது. மனித உருவங்களைக் கண்டுகொள்ளும்படி அதன் கணிப்பொறி நிரல் பழக்கப்பட்டிருந்தது.

எப்படிச் செய்தாலும் இது ஓர் ஊகமே. பறக்கும் தலைமுடி, கொண்டையில் வைத்த மல்லிகை, மூக்குக் கண்ணாடியின் விளிம்பு, இடுப்பில் கை வைத்தால் உண்டாகும் இடைவெளி ஆகியவற்றில் அது தடுமாறும். பாட்டியின் ஒரு காதுத் தோடு தெளிவாகவும் மறு தோடு கரைந்தும் போவதுண்டு. ஆகவே, தலையை வாரி, கைகளை மடியில் வைத்து உட்காரச் செய்யுங்கள்.

இனி இடம். சுவரில் சாய்த்து உட்கார வைத்தால் எந்தக் கைத்தொலைபேசியும் திணறும். ஆளுக்குப் பின்னால் பத்தடியாவது வெற்றிடம் வேண்டும். அதற்கு லயத்து அஞ்சடியைப் போல் வசதியான இடம் வேறில்லை என்பது நம் கருத்து. அஞ்சடியின் ஒரு கோடியில் பாட்டியை உட்கார வைத்து, அதன் நீளம் முழுவதும் அவருக்குப் பின்னால் தெரியும்படி நின்று எடுங்கள். திறந்த பக்கத்து வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியில் நன்றாகவும் மறு பாதியில் மென்மையாகவும் விழும். நண்பகல் வெயிலில் எடுக்க வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் பெரும்பாலும் கடிகாரம் ஒரு மணியைத் தாண்டிய பிறகே சூரியன் உச்சிக்கு வருகிறது. அப்போது கண்குழியில் கரும் நிழல் விழும்.

லென்ஸைத் துணியால் துடைத்த பின், கேமராவில் ‘போர்ட்ரெய்ட்’ என்ற பகுதியைத் தொடுங்கள். ஐந்து முதல் எட்டு அடி தள்ளி, உங்கள் கையை அவர் கண்மட்டத்துக்குத் தாழ்த்தி, திரையில் அவருடைய கண்ணைத் தொட்டுவிட்டு எடுங்கள். மிக நெருங்கினால் மூக்குப் பெருத்துக் காது சிறுத்துத் தெரியும். முகத்தை மழமழப்பாக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். அறுபது ஆண்டு வெயிலும் மழையும் கண்ட முகத்தில் சுருக்கம் இல்லையென்றால், அது நம் பாட்டியின் முகமா?

பல கைத்தொலைபேசிகளில் மங்கலின் அளவைப் பிறகும் மாற்றலாம். ‘எஃப்’ என்ற எழுத்தோடு வரும் எண் சிறியதானால் மங்கல் கூடும். அடியோடு மங்கச் செய்வது பொய்யாகத் தோன்றும். சற்றுக் குறைப்பதே அழகு.

மங்கல் இல்லாமலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெரியும் லயமும் பால்மரமும் இன்று நமக்குக் குப்பையாகத் தோன்றலாம். ஆனால் எத்தனையோ தோட்டங்களில் லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. பாட்டி எந்த வீட்டில் வாழ்ந்தார் என்று பேரப்பிள்ளை கேட்கும்போது காட்டுவதற்கு அந்தப் படம்தான் இருக்கும்.

கடைக்கு அச்சிட அனுப்புகையில் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தின் நுட்பத்தைக் குறைத்துவிடும். ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள், அல்லது கைத்தொலைபேசியையே எடுத்துச் செல்லுங்கள். அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் பெயர், தோட்டம், எடுத்த நாள் ஆகிய மூன்றையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.