கோவா ‘அயர்ன்மேன்’ போட்டிக்கு போறீங்களா? சைக்கிளை ஏற்றுவதே முதல் சோதனை!

பெரம்பலூர்:-

கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய பையன்களுக்கும், போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் ரோட்டில் ஓடும் வாலிபர்களுக்கும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பஞ்சம் கிடையாது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் ‘டிரையத்லான்’ மீது இவர்களுக்கு ஆசை வந்தால், போட்டியை விட போய் சேருவதுதான் பெரும் பாடு.

கோவா தலைநகர் பனாஜியில் ‘அயர்ன்மேன் 70.3’ போட்டி முதன்முதலாக 2019 அக்டோபர் 20-ந்தேதி நடந்தது. மிராமர் கடற்கரையில் தொடங்கி கடலில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மூன்றையும் கூட்டினால் 70.3 மைல். பெயரும் அதனால் வந்ததுதான்.

எல்லாவற்றையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா 2024-ல் 8 மணி 27 நிமிடத்தில் முடித்தார். மூணு நிமிஷம் தாமதமாகி இருந்தால் அத்தனையும் வீண்!

சரி, எப்படி போவது? பெரம்பலூர் நகரில் ரெயில் நிலையமே இல்லை. சுமார் 30 கி.மீ. தள்ளி அரியலூரில் இருக்கிறது. ஆனால் அங்கு பல எக்ஸ்பிரஸ் ரெயில்கள் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். சைக்கிளை பார்சல் பெட்டியில் ஏற்ற அது போதாது. அதனால் பஸ் பிடித்து திருச்சி ஜங்ஷன் போய்விடுவது நல்லது. வேளாங்கண்ணி-வாஸ்கோ வாராந்திர ரெயில் திருச்சி வழியாகத்தான் போகிறது. கிழமை ஒத்து வரவில்லை என்றால் பெங்களூரு போய் வண்டி மாற வேண்டியதுதான். மட்காவ் ஸ்டேஷனில் இறங்கினால் பனாஜிக்கு பஸ் இருக்கிறது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை என்றால் சனிக்கிழமை போய் இறங்கலாம் என்று நினைத்தால் கதை கந்தல். அடையாள அட்டையை காட்டி நம்பரை நேரில் வாங்க வேண்டும். சைக்கிளையும் முதல் நாளே ஒப்படைக்க வேண்டும். வெள்ளிக்கிழமையே அங்கே இருப்பதுதான் பாதுகாப்பு.

ஆம்னி பஸ் டிக்கியில் ஏற்றுகிறவர்கள் இரண்டு சக்கரத்தையும் பெடலையும் கழற்றி, பழைய போர்வை சுற்றி, செயின் பக்கம் மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். மேலே யாரும் மூட்டையை போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பேனர், பம்பு, மாற்று டியூப் ஆகியவை தோள் பையில் இருக்கட்டும்.

ஹெல்மெட்டை மறந்தால் அவ்வளவுதான், போட்டியில் விட மாட்டார்கள். ஸ்டாண்டில் இருந்து சைக்கிளை எடுக்கும் முன்பே பட்டையை மாட்டியிருக்க வேண்டும் என்பது வரை விதி உண்டு.

பயிற்சியில்தான் உயிர் விஷயம் இருக்கிறது. கிணற்றில் நாலு கை போட்டால் படிக்கட்டு வந்துவிடும். கடலில் பிடிக்க சுவர் இல்லை. அலை முகத்தில் அடிக்கும், உப்புத்தண்ணீர் மூக்கில் ஏறும், தலையை தூக்கி திசை பார்த்துக்கொண்டே நீந்த வேண்டும். அதற்காக அரியலூர் பக்கம் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் தேங்கிய தண்ணீரில் இறங்கவே கூடாது. கரை செங்குத்து, ஆழம் தெரியாது, ஏற வழி இருக்காது. கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய பள்ளம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. நீச்சல் குளத்தில் பயிற்சியாளர் முன்னிலையில் தூரத்தை கூட்டிக்கொண்டு போவதே சரி. கடலில் பழகுவதும் விவரம் தெரிந்தவர்களோடுதான்.

சைக்கிள் பயிற்சிக்கும் இடம் பார்க்க வேண்டும். அரியலூர் ரோடுகளில் சிமெண்டு, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓய்வதே இல்லை. பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் இருட்டில் கிளம்பக்கூடாது.

செலவுதான் இடிக்கும். நுழைவுக்கட்டணமே பல ஆயிரம் ரூபாய். பணம் கட்டும் முன் திரும்ப கிடைக்குமா என்று படித்துப் பார்ப்பது அவசியம். கட்டுப்படி ஆகாதவர்களுக்கு ரிலே பிரிவு இருக்கிறது. ஒருவர் நீந்த, ஒருவர் சைக்கிள் மிதிக்க, ஒருவர் ஓடலாம். தேஜஸ்வி சூர்யாவும் 2022-ல் ரிலேவில் சைக்கிள் மட்டும்தான் ஓட்டினார். மூன்று பேர் சேர்ந்தால் கட்டணத்தையும் அறை வாடகையையும் பங்கு போட்டுக்கொள்ளலாம். கொண்டு போக வேண்டிய சைக்கிளும் ஒன்றுதான்.