சிறிதாக்கும்போது தமிழைத் தவறவிடக்கூடாது

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 பல பழைய கணினிகளை ஏற்காது. நன்கொடையாகவும் பாவித்ததாகவும் வரும் கணினிகளையே நம்பியிருக்கும் ஸ்பிரிங்வெளி போன்ற பதுளைத் தோட்டங்களுக்கும் வன்னிக் கிராமங்களுக்கும் இது சிறிய செய்தியல்ல.

இதற்கான வழிகளில் ஒன்று, தேவையானதை மட்டும் கொண்ட லினக்ஸ் படிமம். படிமம் என்பது முழு இயங்குதளத்தையும் அடக்கிய ஒரே கோப்பு. ஒருமுறை தயாரித்தால், இணையம் இல்லாத இடத்திலும் பென்டிரைவ் மூலம் பல கணினிகளில் பதியலாம்.

தயாரிக்கும் முறை லினக்ஸின் வகைக்கேற்ப மாறும். டெபியனில் 'டெப்பூட்ஸ்ட்ராப்' கருவியின் 'மின்பேஸ்' தெரிவு, அத்தியாவசியப் பொதிகளையும் 'ஏப்ட்' நிறுவியையும் மட்டுமே எடுக்கும். கேர்னல், கணினியைத் தொடக்கும் 'க்ரப்', திரை இடைமுகம் ஆகியவற்றை நாமே சேர்க்கவேண்டும். ஃபெடோராவில் 'டிஎன்எஃப்' கருவி மூலம் வெற்றுக் கோப்புறை ஒன்றில் பொதிகளை நிறுவலாம். 'இருந்தால் நல்லது' என்று தானாக வந்துசேரும் துணைப் பொதிகளைத் தடுக்கவும் முடியும். அல்பைன் லினக்ஸ் 'மசில்', 'பிஸிபொக்ஸ்' என்ற சிறிய அடித்தளங்களில் இயங்குவதால் மிகவும் இலேசானது. 'எம்கேஓஎஸ்ஐ' கருவி டெபியன், ஃபெடோரா உள்ளிட்ட பல வகைகளுக்கு ஒரே பாணியில் படிமம் தயாரிக்கும். ஆனால் பொதிகளின் பெயர்கள் வகைக்கு வகை வேறுபடுவதால் பட்டியலைத் தனித்தனியாக எழுதவேண்டும்.

கணினி 32 பிட் வகையா என்பதையும் முதலில் பாருங்கள். 2025 ஓகஸ்டில் வெளியான டெபியன் 13, அத்தகைய கணினிகளுக்கான கேர்னலையும் நிறுவியையும் கைவிட்டுவிட்டது. அல்பைன் இன்னும் அவற்றுக்கு வெளியாகிறது.

முக்கியமான சிக்கல் வேறு. இந்தக் கருவிகளின் 'அத்தியாவசியம்' பட்டியலில் தமிழ் இல்லை. எழுத்துரு சேர்க்காவிட்டால் தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகவே தெரியும். நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவையும், தமிழ்99 முறையில் தட்டச்சு செய்ய 'ஐபஸ்', 'எம்17என்' பொதிகளையும் பட்டியலில் நாமே எழுதவேண்டும். இவை பிடிக்கும் இடமும் அதிகமில்லை.

ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு இலங்கையர் உருவாக்கிய ஹந்தான லினக்ஸ் எதிர்த்திசையில் சென்றது. இணைய வசதி குறைந்தவர்களுக்காக, தேவைப்படக்கூடிய மென்பொருட்களை முன்கூட்டியே அதில் சேர்த்தார்கள். எது தேவை என்பதைத் தீர்மானிப்பது கருவியல்ல, பாவிக்கப்போகிறவரின் நிலைமைதான்.

ஆகவே படிமத்தைப் பகிருமுன் இணையத்தைத் துண்டித்துவிட்டு, தமிழில் ஒரு கடிதம் எழுதிச் சேமியுங்கள். கணினியை நிறுத்தி மீண்டும் திறந்து பாருங்கள். கடிதம் சரியாகத் தெரிந்தால் மட்டும் மற்றக் கணினிகளில் பதியுங்கள்.